என்னை நானே காயப்படுத்திக்கொள்கிறேன், வீட்டில் யாரும் கவனிக்கவே இல்லை. யாரிடம் சொல்வது?

நீங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பாலக்கோடு. "வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போடுகிறேன், ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை" என்ற உங்கள் வரியைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

என் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை செய்தார்கள். நான் ஆயா (பாட்டி) வீட்டில் வளர்ந்தேன். எங்கள் பக்கம் நிறைய வீடுகள் அப்படித்தான் என்பதால் யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. நானும் அடம்பிடிக்காமல் நல்ல மார்க் வாங்குகிற பெண். "அவளைப் பத்திக் கவலையே இல்ல" என்று அம்மா சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வார். கொஞ்சம் கவலைப்படுங்களேன் என்று கத்தத் தோன்றும். கத்தியதில்லை. உங்களைப் போலவே நானும் என்னையே காயப்படுத்திக்கொண்டேன்.

இதைச் செய்கிற பலருக்குச் சாகவேண்டும் என்ற எண்ணம் இருப்பதில்லை. தாங்க முடியாத ஒன்று கொஞ்ச நேரம் அடங்குகிறது, அவ்வளவுதான். அப்புறம் வெட்கம் வருகிறது. வெட்கத்தில் இன்னும் ஒதுங்குகிறோம், ஒதுங்க ஒதுங்க யார் கண்ணிலும் படுவதில்லை. ஊரார் பார்வைக்காகச் செய்வதாகச் சொல்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு: அப்படியென்றால் ஏன் இவ்வளவு பாடுபட்டு மறைக்கிறோம்? ஆனாலும் இதை லேசாக விடக்கூடாது. பிற்பாடு தற்கொலை எண்ணம் வரும் வாய்ப்பு இப்படிச் செய்கிறவர்களுக்கு அதிகம்.

என்னை முதலில் கவனித்தவர் ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிற பக்கத்து வீட்டு அக்கா. என் கைக் காயத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. "ராத்திரி தூங்கறியா நீ?" என்றார். இல்லக்கா என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. பிறகு ஒரு நாள் வாட்ஸப்பில் எழுதினேன்: "அக்கா, நான் என்னையே காயப்படுத்திக்கறேன். நிறுத்த முடியல. யார்கிட்டயும் சொல்லாதீங்க." நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. செத்தேன் என்று நினைத்தேன். வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்து, திட்டாமல், அழாமல், பக்கத்தில் உட்கார்ந்தார். "யார்கிட்டயும் சொல்லாம இருக்க என்னால முடியாது. டாக்டர்கிட்ட மட்டும் போலாம், நான் வரேன்" என்றார்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி மனநலப் பிரிவில் உட்கார்ந்தோம். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். டாக்டர் நேரடியாகவே கேட்டார்: "சாகணும்னு தோணுதா?" அப்படி ஒருவர் கேட்டதில் பயம் வரவில்லை, மூச்சு வந்தது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆயா தன் பங்குக்கு மந்திரித்த கயிறு கட்டினார். கட்டிக்கொண்டேன், கவுன்சிலிங்கையும் விடவில்லை.

அங்கே கற்றதில் எனக்கு அதிகம் உதவியது இது: காயப்படுத்திக்கொள்ளத் தோன்றும் அந்த வேகம் ஏறும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும். அதுவரை தள்ளிப்போடவேண்டும். நான் முகத்தில் பச்சைத் தண்ணீர் அடித்துக்கொண்டு ஆயா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். காயப்படுத்தும் பொருட்களை அக்காவிடம் கொடுத்துவைத்தேன். ஒரேயடியாக நிற்கவில்லை. நடுவில் திரும்ப வந்தது. டாக்டருக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

சரி, உங்களுக்கு. நேரில் சொல்ல வராவிட்டால் 14416-க்கு அடியுங்கள். டெலிமானஸ், அரசின் இலவச மனநல சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ம் இருக்கிறது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைக் கேளுங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயப்படவேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கிறது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்வதும் அதே சட்டம்தான்.

முதலில் சொல்லும் ஆள் "இதெல்லாம் ஒரு பிரச்சினையா" என்று கேட்டால் அவரிடம் வாதாடாதீர்கள், அடுத்த ஆளிடம் போங்கள். சித்தியோ, டீச்சரோ, யாராக இருந்தாலும் சரி. காயம் ஆழமாக இருந்தாலோ, உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று இன்று தோன்றினாலோ தனியாக இருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள், 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.