பரிசு கிடைக்காது என்று தெரிந்தும் ஏன் சைக்கிள் ஓட்டுகிறீர்கள்?

ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். எந்தப் போட்டியிலும் மேடை ஏறியதில்லை, இனி ஏறவும் போவதில்லை. வேலை, வீடு எல்லாம் போக வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட ஓட்டம், வருடத்துக்கு இரண்டு மூன்று நெடுந்தூர ஓட்டங்கள். இவ்வளவுதான் என் சைக்கிள் வாழ்க்கை. கேள்வி கேட்டவர், "வெல்லவே முடியாத விளையாட்டில் உங்களுக்கு என்னதான் கிடைத்தது?" என்றும் கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் சொல்ல நான் காற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதல் இரண்டு வருடம் தனியாகத்தான் ஓட்டினேன். ஹேண்டில்பாரில் ஒரு சின்ன மீட்டர், அதில் சராசரி வேகம். கிளம்பியதும் அந்த எண்ணைப் பார்க்க ஆரம்பித்தால் வீடு திரும்பும்வரை கண் அதிலேயே இருக்கும். மணிக்கு 25 கிலோமீட்டரை 27 ஆக்க ஆறு மாதம் ஆனது. 27-ஐ 29 ஆக்க ஒரு வருடம் முயன்றும் முடியவில்லை. என் கால்களுக்கு இவ்வளவுதான் பலம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பிறகுதான் கணக்கு புரிந்தது. சமதளத்தில் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டாலே நம்மைப் பிடித்து இழுப்பதில் பெரும்பங்கு காற்றுடையது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அந்தத் தடையை அந்த வேகத்தில் தள்ளிக்கொண்டு போக எட்டு மடங்கு சக்தி வேண்டும். என் 27-க்கும் 29-க்கும் நடுவில் வெறும் 2 கிலோமீட்டர்தான். ஆனால் காற்றைத் தள்ள மட்டுமே கிட்டத்தட்ட கால்வாசி கூடுதல் சக்தி கேட்கும் தூரம் அது. ஒரு வருடம் எதோடு மல்லுக்கட்டினேன் என்று அன்றுதான் தெரிந்தது.

காற்றின் கணக்கு எவ்வளவு கறாரானது என்பதற்கு பிரான்சில் வருடந்தோறும் நடக்கும் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸின் 1989 முடிவு ஒன்று போதும். மூன்று வாரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி முடித்து, கடைசி நாள் வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர் தனி நேர ஓட்டம், அதாவது ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கிளம்பி நேரத்தோடு மோதும் ஓட்டம். அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட், முன்னணியில் இருந்த பிரெஞ்சு வீரர் லோரான் ஃபீன்யோனைவிட மொத்த நேரத்தில் 50 விநாடி பின்தங்கியிருந்தார். அன்று அவர் சைக்கிளில் முன்னோக்கி நீண்ட கைப்பிடிகளைப் பொருத்தி, கைகளைக் குறுக்கி, உடம்பைக் காற்றுக்கு ஒளித்து ஓட்டினார். ஃபீன்யோனிடம் அந்தக் கைப்பிடிகள் இல்லை. ஒட்டுமொத்த முடிவில் லெமாண்ட் 8 விநாடியில் வென்றார். இருவரும் எவ்வளவு மிதித்தார்கள் என்பதோடு, காற்றுக்கு எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்பதும் சேர்ந்து எழுதிய முடிவு அது.

சரி, என் கதைக்கு வருகிறேன். மூன்றாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிர்காற்றில் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தேன். எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு என்னைத் தாண்டியது. கடைசியாகப் போனவர், என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், திரும்பிப் பார்த்து, "தம்பி, எதுக்குத் தனியா காத்து வாங்கிட்டு வர்றீங்க? பின்னாடி வந்து ஒட்டிக்கோங்க" என்றார்.

ஒட்டிக்கொண்டேன். அந்த முதல் நிமிடம் இன்னும் நினைவில் இருக்கிறது. காதில் இரைந்துகொண்டிருந்த காற்று சட்டென்று அடங்கிவிட்டது. அதுவரை கேட்காத சத்தமெல்லாம் கேட்டது: செயின் ஓடும் மெல்லிய சத்தம், டயர் தாரில் உரசும் சத்தம், முன்னால் இரண்டு பேர் பேசிக்கொள்வது. மீட்டரைப் பார்த்தால் 33. நான் மூச்சு வாங்காமல் 33-இல் போய்க்கொண்டிருந்தேன்.

முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் அவர் முதுகுக்குப் பின்னால் காற்று தணிந்த ஓர் இடம் உண்டாகிறது. அதில் நெருங்கிப் புகுந்துகொண்டால் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை சக்தி மிச்சமாகும். இன்னொன்றும் உண்டு. பின்னால் ஒருவர் ஒட்டி வந்தால் முன்னால் போகிறவருக்கும் கொஞ்சம் சுலபமாகிறது, ஏனென்றால் அவரைப் பின்னுக்கு இழுக்கும் அந்த வெற்றிடத்தைப் பின்னால் வருகிறவர் ஓரளவு நிரப்பிவிடுகிறார். லாபம் மிகச் சிறியதுதான். ஆனாலும் இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் சிறியதல்ல. ஒட்டிக்கொண்டு வருகிறவன் வெறும் சுமையில்லை.

முன்னால் போகிறவரின் இந்தக் காற்று நிழலில் ஓட்டுவதற்கு ஒரு பயிற்சி வேண்டும், அதைக் கற்காமல் யாரும் குழுவில் நுழையக் கூடாது. முன்சக்கரத்துக்கும் முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்துக்கும் இடையே அரை மீட்டர், ஒரு மீட்டர்தான் இருக்கும். அவர் சக்கரத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் பயம்தான் வரும். பார்வை அவர் தோளைத் தாண்டிச் சாலையில் இருக்க வேண்டும். திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. நின்றுகொண்டு மிதிக்க எழும்போது சைக்கிள் ஒரு கணம் பின்வாங்கும், அதனால் எழும்போது பெடலில் அழுத்தத்தை விடாமல் எழ வேண்டும். குழி வந்தால் முன்னால் போகிறவர் கையால் காட்டுவார், அடுத்தவர் அதை அப்படியே பின்னுக்குக் கடத்துவார். நாலாவது ஐந்தாவது ஆளாக வருகிறவருக்குச் சாலையே தெரியாது. முன்னால் இருப்பவரின் கையை நம்பித்தான் அவர் மணிக்கு 35-இல் போய்க்கொண்டிருக்கிறார்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதியை நான் அடிபட்டுத்தான் கற்றேன். முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் போய் நிற்கக் கூடாது. ஒரு நாள் களைப்பில் அப்படித்தான் நின்றிருந்தேன். முன்னால் போனவர் ஒரு கல்லுக்காக ஒரு சாண் ஒதுங்கினார். சக்கரங்கள் உரசின. இப்படி உரசினால் கிட்டத்தட்ட எப்போதும் விழுவது பின்னால் இருப்பவர்தான், ஏனென்றால் திசை திருப்பும் சக்கரம் அவருடையது. காரை எலும்பு முறிந்தது, ஹெல்மெட் பிளந்தது. ஆறு வாரம் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தவறு முழுக்க என்னுடையது. எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் விழாமல் தப்பியதை நினைத்தால் இன்றும் நிம்மதியாக இருக்கிறது.

நிழலில் இருப்பது பாதி விளையாட்டு. நம் முறை வரும்போது முன்னால் போய் மற்றவர்களுக்காகக் காற்றை வாங்குவதுதான் மறுபாதி. புதிதாக வருகிற எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறோம்: முன்னால் வந்ததும் வேகத்தைக் கூட்டுகிறோம். நமக்குப் பலம் இருப்பதைக் காட்டத் தோன்றும். ஆனால் உடனே வரிசை அறுந்துவிடும். கடைசியில் இருப்பவர், தன் முறையை அப்போதுதான் முடித்துவிட்டுப் பின்னால் சேர்ந்தவர், இடைவெளியை மூட முடியாமல் காற்றில் தனியாக மாட்டிக்கொள்வார். பலம் உள்ளவர் வேகத்தைக் கூட்டக் கூடாது. அதே வேகத்தில் அதிக நேரம் முன்னால் இருக்க வேண்டும். பலம் குறைந்தவர் பத்தே விநாடி இருந்துவிட்டு விலகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் ஒவ்வொரு மேட்டிலும் குழுவை அறுத்துக்கொண்டு ஓடுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை, அவர்கள் எவ்வளவு வேகமானவர்களாக இருந்தாலும்.

தொழில்முறை வீரர்களிலும் என் மனத்துக்கு நெருக்கமானவர் வென்றவர் இல்லை. 1934 டூர் டி பிரான்சில் ரெனே வியெட்டோவுக்கு வயது 20. மலைகளில் அவரைப் பிடிக்க ஆளில்லை. பைரனீஸ் மலையில் அணித்தலைவர் அந்தோனின் மான்யின் சைக்கிள் சேதமானபோது, வியெட்டோ தன் சக்கரத்தைக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சக்கரம் வரும்வரை சாலையோரக் கல்சுவரில் உட்கார்ந்து காத்திருந்தார். அவர் அழுதபடி உட்கார்ந்திருக்கும் புகைப்படம் இந்த விளையாட்டின் மிகப் பழகிய படங்களில் ஒன்று. மான்ய் அந்த வருடம் வென்றார். வியெட்டோ கடைசிவரை டூரை வெல்லவே இல்லை. ஊக்கமருந்து விவகாரத்தில் அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் 2012-இல் பறிக்கப்பட்டதைச் சொல்லி, நண்பர்கள் சிலர் "இந்த விளையாட்டைப் போய் எப்படி நேசிக்கிறாய்?" என்று கேட்டார்கள். நான் நேசிப்பது அந்தக் கல்சுவரில் உட்கார்ந்திருந்தவரை என்று சொன்னேன்.

எனக்குச் சரியாகப் பொருந்திய வடிவம் கடைசியில் பிரெவே ஓட்டங்களாக அமைந்தது. இவை போட்டிகள் அல்ல. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்தில், 300-ஐ 20 மணி நேரத்தில், 400-ஐ 27-இல், 600-ஐ 40-இல் முடிக்க வேண்டும். வழியில் சோதனைச் சாவடிகளில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் இடம், இரண்டாம் இடம் எதுவும் கிடையாது, முடித்தவர்கள் முடித்தவர்கள்தான். துணைக்கு வண்டி பின்தொடரக் கூடாது. ஆனால் ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளத் தடையில்லை.

என் முதல் 300-இல் 180-ஆவது கிலோமீட்டரில் எதிர்காற்று ஆரம்பித்தது. நான் செய்த பிழை அதற்கும் முன்னாலேயே நடந்துவிட்டது: நேரம் போய்விடும் என்று இரண்டு சாவடிகளில் சாப்பிடாமல் கிளம்பியிருந்தேன். தசையிலும் கல்லீரலிலும் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை, வேகமாக மிதித்தால் இரண்டு மணி நேரத்திலேயே தீரத் தொடங்கும். மெதுவாக மிதித்தால் கொஞ்சம் நீடிக்கும், ஆனால் தீராமல் இருக்காது. மணிக்கு 50, 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும், பசி எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. 230-ஆவது கிலோமீட்டரில் கால் வலிக்கவில்லை, வெறுமனே மிதிக்க மறுத்தது. கை நடுங்கியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன், ஓட்டத்தைக் கைவிடுவதென்று முடிவு செய்து.

இருட்டில் ஒரு விளக்கு வந்து நின்றது. ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்கவில்லை, பார்த்ததும் தெரிந்திருக்கும். சட்டைப் பையிலிருந்து இரண்டு வாழைப்பழமும் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமும் எடுத்துக் கொடுத்து, "முழுசா சாப்பிடுப்பா, பத்து நிமிஷம் உட்காரலாம்" என்றார். அப்புறம் என்னைத் தன் பின்னால் வரச் சொன்னார். கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர் அவர் முதுகுக்குப் பின்னால் வந்தேன். வேகம் 20-ஐத் தாண்டவில்லை, ஆனால் அந்த எதிர்காற்றில் எனக்கு அதுவே உயிர். நடுவில் ஒருமுறைகூட என்னை முன்னால் போகச் சொல்லவில்லை. சிவப்புப் பின்விளக்கு ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு, எதையும் யோசிக்காமல் மிதித்தேன். 270-க்கு மேல் தெம்பு திரும்பியது. நான் முன்னால் போகிறேன் என்றேன். "சரி, வா" என்று ஒதுங்கிக் கொடுத்தார். 19 மணி நேரம் 10 நிமிடத்தில் இருவரும் சேர்ந்தே முடித்தோம். அவர் தனியாகப் போயிருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாக முடித்திருப்பார்.

கேள்விக்கு என் பதில் அந்த நாற்பது கிலோமீட்டர்தான்.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சில. எடை குறைந்த சைக்கிளைத் தேடி அலையாதீர்கள், முதலில் சீட் உயரத்தைச் சரி செய்யுங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடிப்புள்ளியில் இருக்கும்போது கால் நேராக நின்றால் கிட்டத்தட்டச் சரி. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கும், பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கும். டயரில் கல் மாதிரி காற்று அடிப்பதை விடுங்கள். நான் 23 மில்லிமீட்டர் டயரிலிருந்து 28-க்கு மாறி, காற்றழுத்தத்தைக் குறைத்த பிறகு கை மரத்துப்போவது பெருமளவு நின்றது, வேகமும் குறையவில்லை. கனமான கியரில் முக்கி மிதிக்காமல் நிமிடத்துக்கு 80, 90 சுற்று சுற்றப் பழகுங்கள். வயதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: பிரான்சின் ரோபேர் மார்ஷான் 2017-இல், 105 வயதில், ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் ஓட்டினார்.

எனக்கு இன்னும் ஒரு ஆசை இருக்கிறது. பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ், 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம். 1891-இல் பந்தயமாகத் தொடங்கிய இந்த ஓட்டத்தில் 1931 முதல் என்னைப் போன்ற சாதாரண ஓட்டுநர்களும் கலந்துகொள்கிறார்கள். நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும், அடுத்தது 2027. தகுதி பெற 200, 300, 400, 600 நான்கையும் அதே வருடத்தில் முடித்துக் காட்ட வேண்டும். 400 வரை முடித்துப் பார்த்துவிட்டேன். 600 மட்டும் இன்னும் கைகூடவில்லை, போன முறை 470-இல் நிறுத்தினேன். 40 மணி நேரம் என்றால் ஓர் இரவு முழுக்கச் சாலையில், சில சமயம் இரண்டாம் இரவிலும் கொஞ்சம். இந்த முறை பின்விளக்குக்கு இரண்டு மாற்று பேட்டரி எடுத்து வைத்திருக்கிறேன்.