கோழியையும் வாங்கல, ஆளையும் விடல

அன்புள்ள ஐயா,

நானும் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்தான். முன்பு தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன், இப்போது தொழிற்சாலையில் வேலை. மகன் எஸ்.பி.எம். பரீட்சை முடித்துவிட்டு, போலீஸில் கான்ஸ்டபிள் வேலைக்கு மனு போடுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். நல்ல உயரம். ஆனால் கேபிள், அதாவது மேலிடத்துச் சிபாரிசு, இல்லாமல் நம்ம பிள்ளைகளை எடுக்க மாட்டார்கள் என்கிறார் என் அண்ணன். தெரிந்த ஒருவர் 3,000 வெள்ளி கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். லாக்கப் மரணச் செய்திகளைப் படித்துவிட்டு, அந்த உடுப்பையா என் பிள்ளை போட வேண்டும் என்று பயமாகவும் இருக்கிறது. போலீஸைக் கண்காணிக்க ஆணையம் வந்துவிட்டதாமே, இனி மாறுமா? அவனை அனுப்பலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்த 3,000 வெள்ளி. ஒரு காசு கொடுக்கக் கூடாது. 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். லாக்கப் சாவைப் படித்து அழுகிற நீங்கள், உங்கள் பிள்ளை அந்த வேலைக்குள் லஞ்சத்தோடு நுழைந்தால் என்ன என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருக்கிறீர்கள். அதுதான் எனக்குக் கோபம். காசு கொடுத்து உள்ளே போனவன் போட்டதை எடுக்கத்தான் பார்ப்பான். அந்தக் காசு யாரிடமிருந்து வரும்? லோரி ஓட்டுகிற நம் பையனிடமிருந்தும் வரும்.

உங்கள் அண்ணன் சொல்வதை விடுங்கள். மனுவே போடாதவனை யார் எடுப்பது? பினாங்கு மாநிலப் போலீஸ் தலைவராகவே தெய்வீகன் இருந்திருக்கிறார். ஆண்களுக்கு 163 சென்டிமீட்டர் உயரம் கேட்கிறார்கள், பையனுக்கு இருக்கிறது, போடட்டும்.

ஆணையம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2004இல் முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் ஸைடின் தலைமையில் மலேசியப் போலீஸ் பற்றி ஆராய அரச ஆணையம் அமைத்தார்கள். 2005இல் 125 பரிந்துரைகள் வந்தன. புகாரை விசாரித்து நடவடிக்கையும் எடுக்கக்கூடிய தனி ஆணையம் வேண்டும் என்பது அதில் தலையானது. கடைசியில் 2023 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த ஆணையம் விசாரிக்கும், தண்டிக்காது. முடிவை போலீஸ் படை ஆணையத்துக்கு அனுப்பும், அவ்வளவுதான். இதற்கு மேல் இதைப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

எனக்குப் பேச வேண்டியது நம்மைப் பற்றி. நம் ஊரில்தான் 1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டு, நாட்டுக்கே அவசரகாலம் வந்தது. தோட்டத்து வாசலில் உடுப்புப் போட்டவன் துப்பாக்கியோடு நின்று சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கச் சொன்ன காலம் அது. என் ஆத்தா சாகும்வரை காக்கியைக் கண்டால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். அதிலிருந்து நமக்கு இரண்டே வழிதான் தெரியும். ஒன்று பயப்படுவது. இல்லையென்றால் பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், ‘நம்ம ஆளு’ யார் என்று தேடுவது.

1974இல் எனக்குப் பன்னிரண்டு வயது. ஒட்டுப்பால் திருடி விற்றதாகச் சொல்லித் தோட்டத்துக் காவலாளி சித்தப்பாவை அடித்து, போலீஸில் ஒப்படைத்துவிட்டான். அங்கே ஒரு தமிழ்க் கோப்ரல் இருந்தார். அப்பா இரண்டு கோழிகளைக் காலைக் கட்டிச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டார். மலாய் வாசிப்பேன் என்பதால் என்னையும் கூட்டிப் போனார். மேசைக்குக் கீழே சாக்கு அசைந்துகொண்டே இருந்தது.

கோப்ரல் குனிந்து பார்த்தார். “அத மொதல்ல வெளிய வெச்சிட்டு வாங்கண்ணே” என்றார்.

அப்பா வெளியே வைத்துவிட்டு வந்து, “தம்பிய விட்டுருங்க, நம்ம ஆளு நீங்க” என்றார். கோப்ரல் அதற்குப் பதில் சொல்லவில்லை. நாற்காலி போட்டார். “காவலாளி அடிச்சத நீங்க ரிப்போர்ட் குடுங்க” என்றார். அப்பா நேரில் பார்த்ததாகவே சொல்ல ஆரம்பித்தார். “அந்நேரத்துல எங்க இருந்தீங்க?” “பால் ஸ்டோர்ல.” “அப்ப பாக்கல. தம்பி சொன்னதா எழுதறேன். இல்லாட்டி கோர்ட்ல இடிக்கும்ணே.” ‘தீடாக் நம்பாக்’, பார்க்கவில்லை, என்று அவர் மலாயில் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். முடித்ததும் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துத் தமிழில் சொன்னார். வாய்மொழிப் புகாரை எழுதி, கொடுத்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு. அதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அப்பா கையெழுத்துப் போட்டதும் ரிப்போர்ட் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

மறுநாளே சித்தப்பாவை மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தினார்கள். 24 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்பின் 5ஆவது விதியில் இருக்கிறது. முகத்துக் காயம் எப்படி வந்தது என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டபோது தொழிற்சங்கத்து ஆள் கையில் இருந்தது அந்தத் துண்டுத் தாள்தான். காவலாளியின் பெயரும் கேஸில் ஏறியது.

ஆனால் அன்றிரவு சைக்கிளில் வரும்போது அப்பா என்ன சொன்னார் தெரியுமா? “தமிழனாம். கோழியையும் வாங்கல, ஆளையும் விடல.” கடைசிவரை அவர் மனம் ஆறவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயமே அவர் பக்கம். எங்கள் லயத்துக் கல்யாணம் ஒன்றுக்கும் அந்தக் கோப்ரலுக்குப் பத்திரிகை போகவில்லை. அவர் மாற்றலாகிப் போன அன்று வழியனுப்பக்கூட ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை. எங்களுக்காக அந்த மேசையில் செய்ய முடிந்ததை எல்லாம் செய்தவர் அவர். அதை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

தங்கச்சி, உங்களிடம் நான் கேட்பது இதுதான். பையன் பயிற்சி முடித்து முதல் லீவில் வருவான். பக்கத்து வீட்டுக்காரர் சம்மன் பேப்பரோடு வந்து, “தம்பி, கொஞ்சம் செட்டில் பண்ணிக் குடு” என்பார். உங்கள் அண்ணனே வருவார். அப்போது நீங்கள் யார் பக்கம் நிற்பீர்கள்? அவன் முடியாது என்றால் ‘பெரிய இவன்’ என்று வீட்டிலேயே பேசுவீர்களா? லாக்கப்பில் அடிக்கிற கையைப் பற்றி நாம் எழுதுகிறோம், கூட்டம் போடுகிறோம். எழுதத்தான் வேண்டும், நானும் எழுதுவேன். ஆனால் விதிப்படி நடக்கிற கையை நாமே தட்டிவிடுகிறோம். இதற்கு எந்த ஆணையமும் ஒன்றும் செய்ய முடியாது.

அனுப்பலாமா என்று கேட்டீர்கள் அல்லவா? அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டு அவனை என் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அந்த 107ஆம் பிரிவை மலாயில் வாசித்து, ஒவ்வொரு வரியாக எனக்குத் தமிழில் சொல்லட்டும்.