தொட்டியில பாசியா? வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகளைப் பிரிச்சுப் பாத்தா காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்னு நம்ம பக்கத்து ஆளுங்க நெறைய பேர் ஒரே சமாச்சாரத்தைத்தான் கேட்ருக்காங்க, மீன் தொட்டியில ஆசையா செடி வச்சோம், பாசி புடிச்சு எல்லாம் போச்சு, என்ன பண்றதுன்னு. அதனால இந்தத் தடவை முழுக்க அதுக்கே எடுத்துக்கிட்டேன்.

"ரெண்டடித் தொட்டி. வாலிஸ்னேரியா, அமேசான் ஸ்வார்ட், கபோம்பா வச்சு ஒன்றரை மாசம் ஆச்சு. மொதல்ல கண்ணாடியில காப்பிப் பொடி தூவுன மாதிரி வந்துச்சு, இப்ப பச்சையாப் படியுது. தேய்ச்சா மூணே நாள்ல திரும்ப வருது. லைட் காலை 7-ல இருந்து ராத்திரி 9 வரைக்கும் எரியும். தொட்டி வளவைப் (நடு முற்றம்) பாத்த மாதிரி பத்தியில (முற்றத்தைச் சுத்தி இருக்குற தாழ்வாரம்) இருக்கு."
வாசகர், காரைக்குடி

தம்பி, காப்பிப் பொடி மாதிரி வந்தது டயட்டம்னு ஒரு பழுப்புப் பாசி. புதுத் தொட்டியில பெரும்பாலும் வரும், தண்ணியில இருக்குற சிலிக்கா, இன்னும் செட் ஆகாத ஃபில்டர் இதெல்லாம் காரணம், சில வாரத்துல தானாவே போயிரும், அதுக்காக யாரும் மருந்து வாங்க வேணாம். உங்களுக்குப் பிரச்சினை இப்ப வந்துருக்குற பச்சைதான், அதுக்குக் காரணத்தை நீங்களே எழுதிட்டீங்க. 7-ல இருந்து 9 வரைக்கும்னா 14 மணி நேரம். செடிக்கு அவ்வளவு வெளிச்சம் வேணாம், 6-ல இருந்து 8 மணி நேரம் போதும், புதுத் தொட்டின்னா 6 மணி நேரம்தான். மிச்ச வெளிச்சத்தை யார் சாப்பிடுவா, பாசிதான். ஒரு டைமர் வாங்கி மாட்டிருங்க, நம்ம கையால போட்டு அணைச்சா ஒரு நாள் மறந்துரும், இன்னொரு நாள் விருந்தாளி வந்தா அழகா இருக்கட்டும்னு எரிய விட்ருவோம். கரண்ட் போனா சில டைமர் நேரம் மாறிப்போயிரும், அதையும் அப்பப்ப ஒரு பார்வை பாத்துக்கங்க.

ரெண்டாவது காரணம்தான் முக்கியம், நம்ம வீடுங்களுக்கே உரியது. வளவுல மேல இருந்து விழுகுற வெயில் நிக்கிற எடத்துல நிக்காது, காலையில ஒரு தூண்ல இருக்கும், உச்சிக்கு நடுவுல இருக்கும், சாயங்காலம் எதிர்ப் பத்தியில ஏறும். ஒரு சொந்தக்காரங்க வீட்ல இதே கதை, லைட்டை 5 மணி நேரமாக் குறைச்சும் பாசி போகலை. ஒரு ஞாயித்துக்கிழமை அங்கயே உக்காந்து பாத்தேன். பாசி நாலு கண்ணாடியில ஒண்ணுல மட்டும், அதுவும் கீழ்ப்பாதியில மட்டும் அடர்த்தியா இருந்துச்சு. பத்தரை மணிக்கு வெயில் வளவுத் தரையில விழுந்துச்சு, தொட்டி மேல நேரா ஒரு சொட்டு வெயில் கூடப் படலை, ஆனா அந்த வழவழப்பான தரையில பட்டுத் தெறிச்சு அந்த ஒரு கண்ணாடிக்குள்ள கீழ இருந்து மேல வெளிச்சம் போய்க்கிட்டே இருந்துச்சு, ஒரு மணி வரைக்கும். அந்தப் பக்கம் மட்டும் பின்னாடி ஒட்டுற கறுப்பு ஷீட்டை ஒட்டுனோம், அடுத்த மாசம் அங்க பாசி இல்லை. நீங்களும் எந்தக் கண்ணாடியில அதிகமாப் புடிக்குதுன்னு மொதல்ல பாருங்க, தொட்டியே சொல்லிரும். முடிஞ்சா உள் அறைக்கு மாத்திருங்க, தண்ணியோட தூக்காதீங்க, ரெண்டடிக்கு ஒரு அடிக்கு ஒரு அடின்னாலே 56 லிட்டர், அதாவது 56 கிலோ, அடிக் கண்ணாடி விட்டுரும்.

மூணாவதா செடி பத்தலை. மூணு வகையில நாலு நாலு தண்டு வச்சுட்டு பாசி வருதுன்னா வரத்தான் செய்யும். தொட்டித் தரையில பாதிக்கு மேல செடி மறைக்கணும், அதுவும் சீக்கிரம் வளர்றதா இருக்கணும், ஹைக்ரோஃபிலா, வேலம்பாசி மாதிரி. பேர்ல பாசின்னு இருந்தாலும் வேலம்பாசி செடிதான், தண்ணியில இருக்குற நைட்ரேட்டுங்குற சத்தை வேகமா இழுத்துக்கும், பாசிக்கு மிச்சம் வைக்காது. ஊருணியில இருந்து எடுத்துட்டு வந்தீங்கன்னா நேராப் போட்றாதீங்க, ஒரு வாளியில ஒரு வாரம் போட்டு வச்சு அலசிப் போடுங்க, தட்டான் புழு ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்தாக் கூட குஞ்சு மீனையெல்லாம் தின்னுரும்.

வாரம் ஒரு தடவை மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க, குழாய்த் தண்ணின்னா குளோரினை முறிக்கிற ஆன்டி குளோரின் விட்டுட்டு. இதையெல்லாம் ஒரே நாள்ல பண்ணிட்டு மறுநாள் பலன் பாக்காதீங்க, மூணு வாரம் குடுங்க.

"பேரன் வச்சுட்டுப் போன தொட்டி, அவன் சிங்கப்பூர்ல இருக்கான். தண்ணி பச்சைப் பயறு அரைச்சு ஊத்துன மாதிரி ஆயிருச்சு, மீனே தெரியலை. ரெண்டு தடவை எல்லாத்தையும் எடுத்துக் கழுவி வெயில்ல காயப் போட்டு ஊத்துனேன், ஒரு வாரத்துல திரும்பப் பச்சை. மீனைக் குடுத்துரலாமான்னு இருக்கு."
ஆச்சி ஒருத்தங்க, கானாடுகாத்தான்

குடுக்காதீங்க ஆச்சி, பேரன் வரும்போது தொட்டி கண்ணாடி மாதிரி இருக்கும், நான் சொல்றதை மட்டும் செஞ்சு பாருங்க.

நீங்க கழுவுனதுலதான் சிக்கல். அந்த ஃபில்டர் பஞ்சுலயும் கல்லுலயும் கண்ணுக்குத் தெரியாத நல்ல பாக்டீரியா குடியிருக்கு, மீன் கழிவுல வர்ற அமோனியாவை அதுதான் மாத்திக் குடுக்குது. அது உருவாக நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம் ஆகும். வெயில்ல காயப் போட்டா அத்தனையும் செத்துப் போச்சு, தண்ணியில அமோனியா ஏறிருச்சு, அமோனியாவும் வெளிச்சமும் சேந்தா தண்ணியில மிதக்குற பாசிக்குக் கொண்டாட்டம். அதான் ஒவ்வொரு தடவை கழுவுனதுக்கு அப்புறமும் இன்னும் சீக்கிரமா வருது.

இப்ப பண்ண வேண்டியது இதுதான். பாதித் தண்ணியை எடுத்துருங்க, கீழ ஊத்தாம செடிக்கு ஊத்துங்க, கனகாம்பரத்துக்கு ரொம்ப நல்லது. புதுத் தண்ணி ஊத்திட்டு லைட்டை அணைச்சு, ஒரு பழைய ஜமுக்காளத்தைச் சுத்தி நாலு பக்கமும் மூடிருங்க, இம்மி வெளிச்சம் போகக் கூடாது. நாலு நாள் அப்படியே இருக்கட்டும். ஏர் பம்ப் மட்டும் ராத்திரி பகல் ஓடணும், இது கட்டாயம், இருட்டுல பாசியும் மீனும் செடியும் எல்லாம் ஒரே ஆக்சிஜனை இழுக்கும். சாப்பாடு போட வேணாம், நாலு நாள் சாப்பிடலைன்னா வளந்த மீனுக்கு ஒண்ணும் ஆகாது, மனசு கேக்கலைன்னு தெறந்து தெறந்து பாக்காதீங்க. அஞ்சாம் நாள் தெறந்தா தண்ணி வெளிறிப்போய் மங்கலா இருக்கும், அது செத்த பாசி, அழுகுறதுக்கு முன்னாடி உடனே மறுபடி பாதித் தண்ணி மாத்திருங்க. ஃபில்டர் பஞ்சை இனிமே குழாய்ல காட்டாதீங்க, தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலயே ரெண்டு பிழி பிழிஞ்சு வச்சாப் போதும்.

சாப்பாடு ஒரு நாளைக்கு ஒரு தடவை, ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு. பச்சைத் தண்ணியால மீனுக்கு விஷம்னு எல்லாம் ஒண்ணும் இல்லை ஆச்சி, அதனால பயப்படாதீங்க.

"அனுபியாஸ் செடி இலை ஓரத்துல கறுப்பா பிரஷ் மாதிரி மொளைச்சிருக்கு, நகத்தால கீறினாலும் வரலை. சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு பாட்டில்ல சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு) விடுறேன். ஆன்லைன்ல ஒரு பாசி மருந்து பாத்தேன், வாங்கலாமாண்ணே?"
காலேஜ் மாணவர், தேவகோட்டை

வாங்காதீங்க தம்பி. ஆரம்பத்துல நான் ஒரு கடையில அப்படி ஒரு பாட்டில் வாங்கி ஊத்துனேன், மறுநாள் காலையில 20 இறாலும் வெள்ளையாக் கெடந்துச்சு. உள்ள இருந்தது தாமிரம், பாசியைக் கொல்ற அளவு தாமிரம் இறாலையும் நத்தையையும் மொத்தமாக் கொன்னுரும், இதைக் கடையில ஒரு வார்த்தை சொல்லலை. அந்த வருத்தம் இன்னைக்கும் போகலை, அதனாலதான் கேக்குறவங்க எல்லார்கிட்டயும் லேபிளைப் படிங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.

உங்களுக்கு வந்துருக்குறது கறுந்தாடிப் பாசி, பாக்கத்தான் கறுப்பு, உண்மையில செம்பாசி வகையைச் சேந்தது. இது வர்றதுக்குப் பெரிய காரணம் சிஓடூ ஏறி எறங்குறது. ஈஸ்ட் பாட்டில் நம்ம ஊரு சூட்டுல மொத சில நாள் பொங்கித் தள்ளும், அப்புறம் படுத்துரும், நீங்க மாத்துற வரைக்கும் தொட்டிக்கு ஒண்ணும் கெடைக்காது. செடி ஒரு அளவுக்குப் பழகுறதுக்குள்ள அளவு மாறிருது, வளர்ச்சி நின்னு போன இலையில இது வந்து உக்காந்துக்குது. மெதுவா வளர்ற அனுபியாஸ் மாதிரி இலையிலதான் இதை அதிகமாப் பாப்பீங்க. உங்க செடிக்கு சிஓடூவே தேவையில்லை, அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் அது இல்லாமலே வருஷக்கணக்கா இருக்கும், நான் சொல்றது அந்த பாட்டிலை எடுத்துருங்க. குடுத்தே ஆகணும்னா வால்வு வச்ச சிட்ரிக் ஆசிட் சோடா உப்பு செட் பரவாயில்லை, லைட் எரியிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி தெறந்து, அணையிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மூடணும், தினம் ஒரே அளவு.

இருக்குற தாடியை எடுக்க மெடிக்கல்ல 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கேளுங்க. ஃபில்டரை நிறுத்திட்டு சிரிஞ்சுல எடுத்து பாசி மேலேயே மெதுவா விடுங்க, 10 லிட்டர் தண்ணிக்கு 2 மில்லிக்கு மேல ஒரு நாள்ல போகக் கூடாது. சின்னச் சின்னக் குமிழியா வரும். கால் மணி நேரம் கழிச்சு ஃபில்டரைப் போட்ருங்க. ரெண்டு மூணு நாள்ல அந்தக் கறுப்பு அப்படியே ரோஸ் கலருக்கு மாறும், அப்படி மாறுச்சுன்னா செத்துருச்சுன்னு அர்த்தம், அப்புறம் வெளுத்துப் போகும், உயிரோட இருந்தப்ப தொடாத இறாலு இப்ப வந்து மேயும், பாக்கவே சந்தோஷமா இருக்கும். தொட்டியில மாஸ் செடி இருந்தா அது மேல படாமப் பாத்துக்கங்க. முழு இலையும் மூடிப் போச்சுன்னா யோசிக்காம வெட்டிருங்க, புது இலை வரும்.

"மணல் மேல நீலப் பச்சையா போர்வை மாதிரி படருது, எடுத்தா ஏடு மாதிரி வருது, சேத்து நாத்தம்."
வாசகி, பள்ளத்தூர்

இது பாசியே இல்லைங்க, சயனோபாக்டீரியாங்குற பாக்டீரியா. தண்ணி ஓட்டம் இல்லாத மூலையில, கழிவு தங்குற எடத்துல வரும். டியூப் வச்சு ஏடு ஏடா உறிஞ்சி எடுத்துட்டு மேல ஆச்சிக்குச் சொன்ன நாலு நாள் இருட்டு வைத்தியத்தையே பண்ணுங்க, ஃபில்டர் வாயை அந்த மூலைக்குத் திருப்பி விடுங்க. சில பேர் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடி பண்ணிப் போடச் சொல்வாங்க, வேணவே வேணாம், ஃபில்டர்ல இருக்குற நல்ல பாக்டீரியாவும் சேந்து போயிரும்.

"பாசி தின்னும்னு கடையில சக்கர் மீன் குடுத்தாங்க. ஒண்ணரை வருஷத்துல ஒரு அடி ஆயிருச்சு, பாசியைத் திங்கலை, செடியைப் புடுங்குது. ஊருணியில விட்றலாமா?"
வாசகர், புதுவயல்

தயவு செஞ்சு விடாதீங்க. இதை எத்தனை தடவை வேணாலும் எழுதுவேன். சக்கர் மீன் தென் அமெரிக்காவுல இருந்து வந்தது, நம்ம தண்ணியில அதைத் திங்கிற மீன் ரொம்பக் கம்மி, உடம்பு முழுக்க எலும்புக் கவசம். சென்னைப் பக்கத்து நீர்நிலைகள்ல வலையைப் போட்டா இது மாட்டுது, வலையையும் கிழிச்சுருது. முட்டை வைக்கிறதுக்குக் கரையில வளை தோண்டும், கண்மாய்க் கரை என்னத்துக்கு ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. நம்ம பெரியவங்க மழைத்தண்ணியை ஒரு சொட்டு வீணாக்காம ஊருக்கு ஊரு ஊருணி வெட்டி வச்சுட்டுப் போயிருக்காங்க, கெண்டையும் கெளுத்தியும் கெடந்த தண்ணி அது. கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுங்க, இல்லைன்னா பெரிய தொட்டி வச்சிருக்கவங்களுக்குக் குடுங்க.

பாசியைத் திங்க ஏதாவது விடணும்னா ரெண்டடித் தொட்டிக்கு நெரைட் நத்தை மூணு, அது கண்ணாடியில ஒட்டுன பச்சைப் புள்ளியைக் கூட அரிச்சு எடுக்கும், நல்ல தண்ணியில குஞ்சு பெருகாது. அமானோ இறால் கெடைச்சா அஞ்சாறு விடுங்க, ஜப்பான்ல தகாஷி அமானோங்குறவர்தான் செடித் தொட்டியில பாசிக்காக இதை விட்டு உலகத்துக்கே காட்டுனாரு, அவர் பேர்லயே கூப்பிடுறாங்க. ஆனா இதெல்லாம் ஒத்தாசைக்குத்தான், 14 மணி நேரம் லைட்டை எரிய விட்டுட்டு இறாலைக் குறை சொல்லக் கூடாது.

"செடிக்கு வயலுக்குப் போடுற யூரியா கொஞ்சம் போடலாமா?"
வாசகர், கோட்டையூர்

கூடாது. யூரியா தண்ணியில அமோனியாவா மாறும், மீனும் போயிரும், பாசியும் பொங்கும். தொட்டிக்குன்னு விக்கிற உரத்தை லேபிள்ல போட்ட அளவுல பாதி போடுங்க.

"சித்திரை வெயில்ல தொட்டித் தண்ணி 33 டிகிரி காட்டுது. செடி இலை கரையுது, பாசி மட்டும் ஜோரா இருக்கு."
வாசகி, காரைக்குடி

சூடு ஏற ஏற தண்ணியில ஆக்சிஜன் கொறையும், கபோம்பா மாதிரி செடி தளந்துரும், பாசிக்கு அதுவே வசதி. மூடியைத் தெறந்து ஒரு சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணி மேல படுற மாதிரி வைங்க, ஆவியாகும்போது ரெண்டு மூணு டிகிரி எறங்கிரும். ஐஸ் கட்டி போடாதீங்க, திடீர்னு எறங்கி ஏறுனா மீன் தாங்காது. லைட்டை வெயில் நேரத்துல எரிய விடாம சாயங்காலம் 5-ல இருந்து 11 வரைக்கும் வச்சுக்கங்க, லைட்டோட சூடும் வெயிலோட சேராது. ஃபேன் ஓடுனா தினமும் ஒரு விரக்கடை தண்ணி கொறையும், அதுக்கு போர்த் தண்ணியை ஊத்திக்கிட்டே இருந்தா உப்பு ஏறிக்கிட்டே போகும், ஏன்னா ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான். ஐப்பசி மழையில புடிச்சு வச்ச மழைத்தண்ணி மூடி போட்டு இருந்துச்சுன்னா அதையே கொறையிற அளவுக்கு ஊத்துங்க, இல்லைன்னா ஆர்ஓ தண்ணி. வாராவாரம் மாத்துற தண்ணிக்கு மட்டும் எப்பவும் போல போர்த் தண்ணி.