சம்பளத் தேதி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

பேர்ணாம்பட்டில் ஒரு கால்பந்து கிளப்புக்குச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் டீமில் நன்றாக ஆடும் மூன்று பையன்கள் சென்னைக்குப் போகிறோம், வேறு கிளப்பில் ஆட என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கொடுங்கள் என்று நிற்கிறார்கள். அவர்களுக்கு மூன்று மாதப் பணம் பாக்கி, அது உண்மைதான். ஆனால் ஷூ வாங்கிக் கொடுத்து, சோறு போட்டு வளர்த்தது நாங்கள். என்.ஓ.சி.யை நிறுத்தி வைத்திருக்கிறோம். ஸ்பெயினின் பெரிய கிளப் பார்சிலோனாவே கடனில் தத்தளிக்கும்போது எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வழி? பெங்களூரில் படிக்கும் இரண்டு ஆப்பிரிக்க மாணவர்களைக் கூட்டிவரலாமா? புது ஜெர்சி போட்டு இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்தால் ஆள் வருமா?

– பேர்ணாம்பட்டு வாசகர்

அன்புள்ள தம்பி,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பதிலையும் நீங்களே எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். மூன்று மாத பாக்கி. அதை எப்படி இவ்வளவு சாதாரணமாக எழுத முடிந்தது?

ஜெர்சி எந்த நிறமாக இருந்தாலும் முதுகில் எண் தெரிந்தால் போதும். ஆப்பிரிக்க மாணவர்கள் வேண்டாம். மாணவர் விசாவில் வந்தவர் காசு வாங்கிக்கொண்டு ஆடக்கூடாது. வேறொரு நாட்டுக் கால்பந்துச் சங்கத்தில் பதிவு இருந்தால் அங்கிருந்து மாற்றுச் சான்றிதழ் வராமல் லீக்கில் இறக்கவும் முடியாது. புகார் என்று போனால் மாட்டுவது அந்தப் பிள்ளைகள்தான். ஊர்ப் பையனுக்கே பாக்கி வைத்திருப்பவர் கடல் தாண்டி வந்தவனுக்கு எதைக் கொடுப்பீர்கள்?

பார்சிலோனாவையும் விடுங்கள். 2021இல் அதன் கடன் 100 கோடி யூரோவைத் தாண்டியிருந்தது. ஸ்பெயின் லீக்கான லா லிகாவின் சம்பள வரம்பால் மெஸ்ஸியைப் பதிவுசெய்ய முடியாமல் அனுப்பியது. அடுத்த வருடமே 25 ஆண்டுகளுக்கான லீக் டிவி வருமானத்தில் கால் பங்கை விற்றுக் காசு பார்த்தது. விற்க உங்களிடம் என்ன இருக்கிறது?

நீங்கள் பார்க்க வேண்டியது இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட்டை. 2001இல் ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதி ஆடிய அணி. வருடா வருடம் அந்தப் போட்டிக்குப் போவோம், அந்தப் பணம் வரும் என்று வைத்து ஆட்களை வாங்கினார்கள். டிக்கெட் வசூலை ஈடாகக் காட்டி 6 கோடி பவுண்டு கடன் எடுத்தார்கள். அந்த சீசனில் லீக்கில் நான்காவது இடம். அப்போது முதல் மூன்று இடத்துக்குத்தான் சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு. வரவேண்டிய பணம் வரவில்லை, கொடுக்கவேண்டிய சம்பளம் மட்டும் மாதாமாதம் வந்து நின்றது. 2004இல் அந்நாட்டின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கி, 2007இல் மூன்றாம் டிவிஷனில் கிடந்தார்கள்.

இதையேதான் நம் பக்கத்திலும் செய்கிறோம், தொகைதான் சிறிது. செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) டோர்னமெண்டில் முதல் பரிசு வாங்குவோம் என்று வைத்து மாதப் பணம் பேசுகிறோம். டேனரி (தோல் பதனிடும் ஆலை) முதலாளி ஒருவர் மேடையில் "நான் பார்த்துக்கிறேன்" என்றால் அதை வரவில் எழுதிவிடுகிறோம். சீட்டு விழுவதற்கு முன்பே சீட்டுப் பணத்தைச் செலவு செய்வது மாதிரி. போதாததற்கு ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் என்று எங்கே போனாலும் ஸ்பான்சர்களில் பாதிக்கு மேல் ஒரே தொழில், தோலும் ஷூவும். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அப்படியொரு அடி விழும்போது உங்கள் நாலு ஸ்பான்சர்களும் ஒன்றாகத்தான் கையை இழுப்பார்கள். ஒரு மருந்துக்கடை, ஒரு நகைக்கடை, ஒரு பேருந்து முதலாளி என்று வேறு தொழில்காரர்களையும் பிடித்து வையுங்கள், தொகை குறைவாக இருந்தாலும்.

இனி கணக்கு. உறுதியான பணம் என்றால் வங்கிக் கணக்கில் விழுந்துவிட்ட பணம். அது வருடத்துக்கு 6 லட்சம் என்று வைப்போம். அதில் பாதிதான் ஆட்டக்காரர்களுக்கு. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ பெரிய கிளப்புகளுக்கு வருமானத்தில் 70 சதவீதம் வரை விடுகிறது, அவர்களுக்கு டிவி பணம் உண்டு. உங்களுக்குப் பாதிக்கு மேல் கூடாது. 3 லட்சத்தை 6 மாத சீசனுக்குப் பிரித்தால் மாதம் 50,000. 20 பேர் என்றால் தலைக்கு 2,500. அவ்வளவுதானா என்பீர்கள். அவ்வளவுதான். 6,000 தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து மூன்றாம் மாதம் போனை எடுக்காமல் இருப்பதற்கு, 2,500ஐ ஐந்தாம் தேதி காலையில் அனுப்புங்கள். மற்ற பாதி பயணம், சாப்பாடு, மைதானம், நடுவர், பந்து, வலை என்று கரையும். ஆனால் அதில் 50,000 ரூபாயைத் தொடாமல் வைக்க வேண்டும், காயத்துக்கு. ஒரு பையனுக்கு முட்டியில் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிந்தால் எம்.ஆர்.ஐ., அறுவை சிகிச்சை, பிசியோ என்று போகும். மைதானத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம் ஆகலாம். அவனை ஆட்டோவில் ஏற்றி வேலூருக்கு அனுப்பிவிட்டு மறந்துபோகும் கிளப் எது என்று குடியாத்தத்திலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் எல்லாப் பையன்களுக்கும் தெரியும். ஆள் வரவில்லை என்று நீங்கள் புலம்புவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான். விளம்பரம் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது தம்பி, உங்களுக்கு எதிராக.

கோப்பை காப்பாற்றும் என்றும் நினைக்காதீர்கள். ஹைதராபாத் எஃப்.சி. 2021-22இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சாம்பியன். சம்பளம் நின்றதும் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வரிசையாகக் கிளம்பினார்கள். 2023-24இல் அணி கடைசி இடம். இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் 2008இல் எஃப்.ஏ. கோப்பை வென்றது, 2010 பிப்ரவரியில் திவால் நிர்வாகத்துக்குப் போனது, 9 புள்ளிகளை இழந்தது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதியிலேயே இது இருக்கிறது: இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், தொழில்முறை ஆட்டக்காரர் எழுத்தில் கேட்டு 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். உங்கள் பையன்களிடம் ஒப்பந்தக் காகிதமே கிடையாது, மூன்று மாதம் பொறுத்திருக்கிறார்கள்.

அவர்களுடைய என்.ஓ.சி.யை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, கொஞ்சமும் கூச்சமில்லையா? சோறு போட்டதைச் சொல்லிக்காட்டுவதை முதலில் நிறுத்துங்கள். 19 வயதில் ஒரு சீசன் போனால் அது திரும்ப வராது. காசுக் கணக்காகவே பார்த்தாலும் இது முட்டாள்தனம். ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் விலை பேசப்பட்டு நாடு மாறும்போது, அந்த விலையில் 5 சதவீதம் 12 வயதிலிருந்து 23 வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் போகிறது. 15 வயது வரை வருடத்துக்கு விலையில் 0.25 சதவீதம், அதன்பின் வருடத்துக்கு 0.5 சதவீதம். நாலு வருடம், 12லிருந்து 15 வரை, உங்களிடம் இருந்தவன் 1 கோடிக்குப் போனால் உங்கள் பங்கு 1 லட்சம். பதிவு விடுபட்ட வருடத்துக்குப் பைசா கிடையாது. ஆயிரத்தில் ஒருவன் அப்படிப் போகலாம். ஆனால் வாசலை அடைத்து வைத்தால் அந்த ஒருவனும் ஆட்டத்தை விட்டுவிட்டு ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போவான். சின்னப் பையன்களை வருடந்தோறும் ஆன்லைனில் பதிவுசெய்யுங்கள், வயதுச் சான்றோடு.

இந்த வாரமே மூன்று என்.ஓ.சி.யிலும் கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் பாக்கி எவ்வளவு என்று தனித்தனித் தாளில் எழுதி, மூன்று தவணை, மூன்று தேதி போட்டு, நீங்களும் பொருளாளரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அடுத்த டோர்னமெண்டில் பரிசுப் பணம் வந்தால் முதலில் அந்தத் தவணை. டிராக் சூட் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.