பாதி எழுதின நோட்டு, உடைஞ்ச கிரையான், புத்தகம் தொடாத பிள்ளைங்க: கேளுங்க, சொல்றேன்

வணக்கம்ங்க. லீவு முடிஞ்சு ஸ்கூல் திறக்கப் போகுது, போன வருஷ நோட்டெல்லாம் மூட்டை கட்டி பழைய பேப்பர் கடைக்குப் போறதுக்குள்ள இதைப் பேசிடலாம்னு தான் வந்தேன். நான் ஆரம்பப் பள்ளி டீச்சர், ஒண்ணுல இருந்து மூணாம் வகுப்பு வரைக்கும் எடுக்கிறேன், கிளாஸ்ல இருக்கிற புத்தக மூலையும் என் பொறுப்பு. மீந்து போன ஸ்டேஷனரியை என்ன பண்றது, பிள்ளைங்களை எப்படி புத்தகம் பக்கம் இழுக்கிறது, ரெண்டையும் கலந்தே கேளுங்க. என் அனுபவத்துல புத்தகம் செஞ்சு பார்த்த பிள்ளை புத்தகத்தைக் கண்டு பயப்படாது.

கேள்வி (சேலம், ரெண்டு பிள்ளைங்களோட அம்மா): டீச்சர், வீட்ல நிறைய நோட்டு பாதிக்கு மேல எழுதாம கிடக்கு. கிழிச்சு ரஃப் நோட்டு தைக்கறதைத் தவிர வேற என்ன பண்ணலாம்?

ரஃப் நோட்டு வேண்டாம்மா, அதுல கணக்கு போட்டு மறுபடி கசக்கித் தான் போடுவாங்க. கதைப் புத்தகம் தைங்க. நோட்டோட நடுப் பின்னை நிமித்தினா இரட்டைத் தாள் முழுசா கையில வரும், அதுல நாலு தாள் எடுத்து ஒண்ணுக்குள்ள ஒண்ணா மடிச்சு வைங்க, வெளியில பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையோ சார்ட் பேப்பர் துண்டோ ஒண்ணு, அது அட்டைப்படம். மடிப்புல காம்பஸ் முனையால மூணு ஓட்டை போடணும், நடுவுல ஒண்ணு, மேலயும் கீழயும் ஒவ்வொண்ணு. ஊசியை உள்பக்கத்துல இருந்து நடு ஓட்டை வழியா வெளிய விட்டு, மேல் ஓட்டை வழியா உள்ள கொண்டு வந்து, நடுவைத் தாண்டி கீழ் ஓட்டை வழியா வெளிய எடுத்து, திரும்பவும் நடு ஓட்டை வழியா உள்ள வாங்கினா நூலோட ரெண்டு நுனியும் உள்ளேயே நிக்கும், நீளமா ஓடுற தையலை நடுவுல விட்டு ரெண்டு பக்கமும் பிடிச்சு முடிச்சு போட்டா போதும். பதினாறு பக்கப் புத்தகம் ரெடி. ஓட்டை போடுறதை மட்டும் நீங்க பண்ணுங்க, தைக்கறதை ரெண்டாம் வகுப்புப் பிள்ளையே பண்ணும். ஸ்டேப்ளர் அடிச்சா வேலை சீக்கிரம் முடியும் தான், ஆனா தன் கையால தைச்சதை அதுங்க வச்சிருக்கிற அழகே வேற, பின் அடிச்சது ரெண்டு நாள்ல கட்டிலுக்கு அடியில கிடக்கும்.

அட்டையில பிள்ளையோட பேரை எழுத்தாளர்னு போட மறக்காதீங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு அஞ்சு வயசு, எழுதவே தெரியாதே, புத்தகம் தைச்சு என்ன பண்ண?

அவ படம் போடட்டும், இது என்னடான்னு கேளுங்க, அவ சொல்றதை அப்படியே கீழ எழுதுங்க. "அப்பா வண்டில டுர்ர்னு போனாங்க"ன்னு சொன்னா அதையே எழுதணும், "தந்தை வாகனத்தில் சென்றார்"னு திருத்தக் கூடாது. ராத்திரி அதையே விரல் வச்சு வாசிச்சுக் காட்டுங்க. தான் வாயால சொன்னது பேப்பர்ல இருக்குன்னு அவளுக்குத் தெரியும், அதனால அடுத்து என்ன வரும்னும் தெரியும், நாலஞ்சு தடவை ஆனதும் "அப்பா"ங்கிற எழுத்தை வேற எங்க பார்த்தாலும் காட்டிடுவா.

கேள்வி (கோவை): தைக்க நேரமில்ல மேடம், சிம்பிளா ஏதாவது?

ஒரே ஒரு தாள் போதும். நீளவாக்கில ஒரு தடவை மடிச்சுப் பிரிங்க, அகலவாக்கில ரெண்டு தடவை மடிச்சுப் பிரிங்க, எட்டுக் கட்டம் தெரியும். இப்போ அகலவாக்கில பாதியா மடிச்சு, மடிப்புப் பக்கத்துல இருந்து நடுக்கோட்டு மேல ஒரு கட்டம் நீளத்துக்கு மட்டும் வெட்டுங்க. பிரிச்சு, நீளவாக்கில மடிச்சு, ரெண்டு ஓரத்தையும் உள்பக்கமா தள்ளினா வெட்டின இடம் வாய் திறந்து எட்டுப் பக்கம் தானா வந்து நிக்கும். பசை வேண்டாம், பின் வேண்டாம். பஸ்ஸுக்கு நிக்கும்போது கூட பண்ணலாம்.

கேள்வி (ஒரு அப்பா): ஒரு புத்தகம் முடிச்சா பத்து ரூபா தரேன்னு பையன்கிட்ட சொல்லிருக்கேன், நல்லா படிக்கிறான். தொடரலாமா சார்?

டீச்சர்ங்க நான், பரவாயில்ல. உங்க ஆசை புரியுது, ஆனா தொடராதீங்க. 1973-ல அமெரிக்காவுல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் ஒரு மழலையர் பள்ளியில ஆராய்ச்சி பண்ணாங்க, அதுவும் ஸ்கெட்ச் பேனாவை வச்சுத் தான். ஏற்கனவே ஆசையா படம் போடுற பிள்ளைங்கள்ல கொஞ்சம் பேர்கிட்ட மட்டும் "படம் போட்டா பரிசுச் சான்றிதழ் தருவோம்"னு முன்னாடியே சொல்லிட்டாங்க. சில நாள் கழிச்சு ஸ்கெட்ச் பேனாவை சும்மா மேஜையில வச்சுப் பார்த்தா, பரிசு சொல்லி போட வச்ச பிள்ளைங்க மத்தவங்களை விட ரொம்பக் குறைவான நேரம் தான் அதைத் தொட்டாங்க. எதிர்பார்க்காம பரிசு வாங்கின பிள்ளைங்களுக்கு அப்படி ஆகல, பரிசே இல்லாதவங்களுக்கும் ஆகல. முன்கூட்டியே பேரம் பேசறது தான் பிரச்சனை. பத்து ரூபா இருந்தா மெல்லிசான புத்தகமா பார்ப்பான், வேகமா பக்கத்தைத் திருப்புவான். ஸ்டார் ஸ்டிக்கர் சார்ட்டும் இதே கதை தான். அதுக்குப் பதிலா அவன் படிச்ச புத்தகத்தை நீங்களும் படிச்சிட்டு, "அந்த ஆடு ஏன்டா திரும்பி வந்துச்சு, எனக்குப் புரியல"ன்னு பேச்சு குடுங்க. நிஜமாவே தெரியாம கேட்கணும், கேள்வித்தாள் மாதிரி கேட்கக் கூடாது.

கேள்வி: என் பையன் காமிக்ஸ் மட்டும் தான் படிக்கிறான்.

படிக்கட்டும். அதுவும் படிப்பு தான்.

கேள்வி (தஞ்சாவூர், முதல் வகுப்பு அம்மா): உயிர்மெய் எழுத்து மனப்பாடமா சொல்றா, புத்தகத்துல காட்டினா தெரியல. 247-க்கும் கார்டு செய்யச் சொல்றாங்க டியூஷன்ல.

அவ்வளவு கார்டு வேண்டாம்மா, வெட்டி முடிக்கறதுக்குள்ள உங்களுக்கே அலுத்துப் போகும். மீந்த சார்ட்ல நீளமா ஒரு பட்டை வெட்டி, க ங ச ஞ ட ணன்னு பதினெட்டு எழுத்தையும் மேல இருந்து கீழ எழுதுங்க. வேற ஒரு சின்ன அட்டையில ரெண்டு கீறல் போட்டு, நடுவுல ஒரு எழுத்து மட்டும் தெரியற மாதிரி பட்டையைக் கோத்து விடுங்க. அட்டையில கீறலுக்கு வலது பக்கம் துணைக்கால் போட்டா, பட்டையை இழுக்க இழுக்க கா, ஙா, சான்னு வரும். இன்னொரு அட்டையில இடது பக்கம் ஒற்றைக் கொம்பு, இன்னொண்ணுல இரட்டைக் கொம்பு, அப்புறம் ஐகாரம். கொ வரிசைக்கு ரெண்டு பக்கமும் போடணும், மெய்யெழுத்துக்கு மேல புள்ளி வச்ச அட்டை ஒண்ணு.

ஆனா ஒண்ணு கவனிங்க, உகர ஊகார வரிசை இதுல வரவே வராது. கு, சு, டு, து, ரு எல்லாம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வளையும், கூ-வும் சூ-வும் கிட்டவே வராது. கி கீ வரிசையிலயும் விலங்கு எழுத்தோட ஒட்டிக்கும். பிள்ளைங்க நிறைய தடுமாறுறதும் இங்க தான். அதனால கார்டு செய்றதா இருந்தா இந்த நாலு வரிசைக்கு மட்டும் செய்ங்க, மத்ததை இழுத்து விளையாடியே கத்துக்கும்.

கேள்வி (விழுப்புரம் பக்கம், அரசுப் பள்ளி ஆசிரியர்): எங்க ஸ்கூல்ல புத்தகம் நிறைய வந்திருக்கு டீச்சர், ஆனா கிழிஞ்சா கணக்கு கேட்பாங்கன்னு பீரோல பூட்டி வச்சிருக்கோம். என்ன பண்ண?

தம்பி, இது எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம். நம்ம சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-ல நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதினப்போ முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கேன்னு தான் வச்சார். பீரோல இருக்கிற புத்தகம் கிழியாது, யாருக்கும் எதுவும் சொல்லவும் சொல்லாது.

கிளாஸ்ல பிள்ளைங்க கை எட்டுற உயரத்துல சணல் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு, அட்டைப்படம் வெளிய தெரியற மாதிரி தொங்க விடுங்க. அடுக்கி வச்சா முதுகு மட்டும் தான் தெரியும், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை முதுகைப் படிச்சு புத்தகம் எடுக்காது. கதைப் புத்தகத்துக்கு பிரவுன் ஷீட் போடவே போடாதீங்க, எல்லாம் பாடப் புத்தகம் ஆயிடும், கண்ணாடி கவர் போடுங்க. கொஞ்சமா தொங்க விட்டு வாரத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. பாதி எழுதின நோட்டு ஒண்ணை எடுத்து ரிஜிஸ்டர் ஆக்கி ரெண்டு பிள்ளைங்ககிட்ட குடுத்துடுங்க, யார் எடுத்தாங்க யார் வச்சாங்கன்னு அதுங்களே எழுதட்டும், நம்மளை விடக் கறாரா இருப்பாங்க. ஒரு டப்பால செலோ டேப், கத்தரி, பெவிகால் போட்டு "புத்தக ஆஸ்பத்திரி"ன்னு எழுதி வைங்க, கிழிஞ்சதை மறைக்க மாட்டாங்க, கொண்டு வந்து காட்டுவாங்க.

தமிழ்நாடு அரசோட வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் உங்களுக்கும் வந்திருக்கும், நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா. அதுல வகுப்பைப் பார்க்காம பிள்ளையைப் பார்த்துக் குடுங்க. மூணாம் வகுப்புப் பிள்ளைக்கு நுழை தான் முடியும்னா நுழையே குடுங்க.

கேள்வி (மதுரை): எட்டு வயசாச்சு, வரியைத் தவற விட்டுடறான், ல ள ழ மட்டுமில்ல, எழுத்தையே மாத்தி மாத்திப் படிக்கிறான். அடிச்சும் பார்த்தாச்சு.

அடிக்காதீங்கம்மா, தயவு செஞ்சு. முதல்ல கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. நோட்டு லேபிள் அகலத்துக்கு ஒரு கெட்டி அட்டை எடுத்து நடுவுல ஒரு வரி மட்டும் தெரியற அளவுக்கு ஜன்னல் வெட்டுங்க, அதை வரி மேல வச்சு நகர்த்திட்டே படிக்கட்டும், ஸ்கேலைக் கீழ வச்சாலும் சரி. பெரிய எழுத்துப் புத்தகமா குடுங்க, நீங்க ஒரு வரி அவன் ஒரு வரின்னு மாத்தி மாத்திப் படிங்க. இதுக்கப்புறமும் அப்படியே இருந்தா டிஸ்லெக்சியாவான்னு, அதாவது எழுத்தைப் படிக்கறதுல வர்ற கற்றல் குறைபாடான்னு, பார்த்துடறது நல்லது. சென்னையில மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1991-ல இருந்து இதுக்குன்னே வேலை பண்றாங்க, உங்க ஊர்ல பள்ளிக் கல்வித் துறையோட வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர் இருப்பாங்க, அவங்களைப் போய்ப் பாருங்க. கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துலயே வந்தாச்சு, சான்றிதழ் இருந்தா பரீட்சையில கூடுதல் நேரம் கேட்கலாம். அவன் சோம்பேறி இல்லம்மா, அவனுக்கு நம்மளை விட ரெண்டு மடங்கு உழைப்பு ஆகுது.

கேள்வி: புத்தகம் வாங்க காசு கட்டுப்படியாகல அக்கா.

ஊர் கிளை நூலகத்துல பிள்ளை பேர்லயே உறுப்பினர் ஆக்குங்க, கார்டு அவன் கையில இருக்கணும். பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் சைட்ல தமிழ்க் கதைங்க இலவசமா இருக்கு, நாலு நிலையா பிரிச்சிருப்பாங்க, டவுன்லோட் பண்ணி பிரிண்ட் எடுத்து மேல சொன்ன மாதிரி தைச்சுக்கலாம், அதுக்கு அனுமதியும் உண்டு. நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்க விலை கம்மி. சென்னைப் பக்கம்னா ஜனவரி புத்தகக் காட்சியில பத்து சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துலயும் மதுரை கலைஞர் நூலகத்துலயும் குழந்தைங்களுக்குத் தனிப் பகுதி இருக்கு, லீவுல ஒரு நாள் முழுக்க அங்கேயே விட்டுடுங்க.

கேள்வி (சிங்கப்பூர்): அக்கா, பொண்ணு தமிழ் நல்லா பேசுவா, இங்கிலீஷ் புத்தகம் நிறைய படிப்பா, தமிழ்ப் புத்தகம்னா ஓடிடறா.

அவ இங்கிலீஷ்ல படிக்கிற கதை அவ வயசுக்கு, தமிழ்ல குடுக்கிறது அவ எழுத்துத் தெரிஞ்ச அளவுக்கு, அதான் போரடிக்குது. அவ வயசுக்கு ஏத்த கதையை நீங்க வாசிச்சுக் காட்டுங்க, எழுத்துப் பழக்கத்துக்கு அவளே எழுதின சின்னப் புத்தகம். பேச்சுத் தமிழ்லயே எழுதட்டும், தப்பில்ல. உங்க ஊர் நூலகங்கள்லயே தமிழ்ப் பிரிவு நல்லா இருக்கே, அவளையே போய் எடுக்கச் சொல்லுங்க.

கேள்வி: எங்க அம்மா தான் பேரனைப் பார்த்துக்கிறாங்க, அவங்களுக்குப் படிக்கத் தெரியாது.

கதை தெரியுமில்ல? அவங்க சொல்லட்டும், பேரன் எழுதட்டும், அதையும் தைச்சு வைங்க, ஆயா பேரை அட்டையில போட்டு. எழுத்தில்லாத படப் புத்தகமும் வாங்கிக் குடுங்க, ரெண்டு பேரும் சரிசமமா உட்கார்ந்து பார்ப்பாங்க.

கேள்வி: காய்ஞ்ச ஸ்கெட்ச், உடைஞ்ச கிரையான், ஒயிட்னர் எல்லாம்?

தண்ணி ஸ்கெட்ச்னா குச்சியை எடுத்து கொஞ்சம் தண்ணியில ஊற விட்டா கலர் தண்ணி கிடைக்கும், பிரஷ்ல தொட்டுப் போடலாம். கிரையான் துண்டோட பேப்பரை உரிச்சிட்டு, மெல்லிசான தாளுக்கு அடியில அரச இலையோ ரூபா காசோ வச்சு படுக்க வச்சுத் தேய்ச்சா நரம்பு நரம்பா படம் வரும், கதைப் புத்தக அட்டைக்கு அது போதும். ஒயிட்னரை மட்டும் பிள்ளைங்க கையில குடுக்காதீங்க, அந்த வாசனையை மூச்சுல இழுக்கறது உடம்புக்குக் கெடுதல்.

கேள்வி (ஒரு அப்பா): நான் வேலை முடிஞ்சு வீடு வர்றதுக்கே ஒன்பதரை ஆகுது, பிள்ளை தூங்கிடுது. எப்ப வாசிச்சுக் காட்டறது?

காலையில தம்பி. தலை சீவி ஷூ போட்டு வேனுக்கு நிக்கிற அந்த அஞ்சு நிமிஷம் போதும், ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம். கதை பாதியில நிக்கும்போது வேன் வந்துட்டா இன்னும் நல்லது, மறுநாள் அவளே சீக்கிரம் கிளம்பி நிப்பா. வேன்ல ஏறும்போது புத்தகத்தை அவ பையிலயே போட்டு விட்டுடுங்க.