கணினி கேள்வி – பதில்: ஓலையை எந்த அளவில் காட்டுவது?

எங்கள் குடும்பத்து ஓலைச்சுவடிகளைப் படமெடுத்திருக்கிறோம். அவற்றைப் பார்க்க நானே ஒரு செயலி எழுதுகிறேன். பட அளவுக்கு மட்டும் மெனுவில் பதினொரு தேர்வுகள் சேர்ந்துவிட்டன. அப்பா மெனுவைத் தொடவே மறுக்கிறார். எதை நீக்குவது?
– கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

நியாயம் அப்பா பக்கம்தான். 'சாளரத்துக்குப் பொருத்து', 'பெரிய படத்தை மட்டும் சாளரத்துக்குப் பொருத்து', 'அகலத்துக்குப் பொருத்து', 'பெரிய படத்தை மட்டும் அகலத்துக்குப் பொருத்து' என்று இரட்டை இரட்டையாக அடுக்கியிருப்பீர்கள். எந்தப் பக்கத்தை வைத்து அளப்பது என்பது ஒரு கேள்வி. சிறிய படத்தை ஊதிப் பெரிதாக்கலாமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு முழுப்படம், அகலம், உயரம், அசல் அளவு ஆகிய நான்கு போதும். இரண்டாவதற்கு 'சிறிய படத்தைப் பெரிதாக்காதே' என்று ஒரே ஒரு டிக் கட்டம். செயலியை நிறுவும்போதே அதில் டிக் விழுந்திருக்கட்டும்.

ஓலையின் படம் 6000 பிக்சல் அகலம், 600 பிக்சல் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 1920-க்கு 1080 திரையில் முழுப்படமாகப் பொருத்தினால் 32 சதவீதமாகச் சுருங்கிவிடும். உயரம் வெறும் 192 பிக்சல். ஓலையில் எட்டு வரி இருந்தால் வரிக்கு 24 பிக்சல்தான். சுவடியில் பொதுவாக மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, ரகரமும் துணைக்காலும் (ா) ஒரே மாதிரி இருக்கும். எழுத்தையும் இப்படிக் குறுக்கினால் வாசிப்பவர் என்ன செய்வார்? உயரத்துக்குப் பொருத்தினாலோ 180 சதவீதம், எழுத்தெல்லாம் மங்கல். டிக் இருந்தால் 100 சதவீதத்தில் நின்றுவிடும். பக்கவாட்டில் நகர்த்தி நிம்மதியாக வாசிக்கலாம். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஸ்கேன் செய்த ஏ4 பத்திரத்தின் கதை வேறு. அது 2480-க்கு 3508. அகலத்துக்குப் பொருத்தினால் சுமார் 77 சதவீதத்தில் அழகாக உட்காரும்.

இதனால்தான், அடுத்த படத்துக்குப் போகும்போது செயலி சதவீதத்தை அல்ல, தேர்வை நினைவில் வைக்க வேண்டும். அப்பா கையால் ஜூம் செய்திருந்தால் மட்டும் அந்தச் சதவீதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்த ஓலையை இடது ஓரத்திலிருந்து திறக்கட்டும். முந்தைய ஓலை முடிந்த வலது ஓரத்திலேயே புதியதும் திறந்தால் யாருக்கும் ஆத்திரம் வரும்.

உங்கள் ஊரில் சுவடி வாசிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்பு 2005-இலேயே யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறிவிட்டது. அதில் பெரும்பகுதி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில்தான் இருக்கிறது. வாசிக்கப் பழகிய ஒருவரிடம் மவுஸைக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் தொடாத தேர்வுகளைத் தயங்காமல் வெட்டுங்கள்.

புது லேப்டாப்பில் 100 சதவீதம் என்று காட்டினாலும் முகங்கள் மங்கலாகவே தெரிகின்றன. கேமராவில் கோளாறா?
– ஸ்டூடியோ உரிமையாளர், கடலூர் முதுநகர்

கேமராவைத் திட்டாதீர்கள். விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பில் 'ஸ்கேல்' 150 சதவீதம் என்று இருக்கும். பழைய செயலிகளுக்கு அது தெரியாது. அவை வரைந்ததை விண்டோஸ் ஒன்றரை மடங்கு இழுத்துக் காட்டுகிறது. 960 பிக்சல் அகலப் படம் ஒன்றை 100 சதவீதத்தில் திறங்கள். 1920 திரையில் அது சரிபாதியை அடைக்க வேண்டும். முக்கால் பங்கை அடைத்தால் சந்தேகமே வேண்டாம். செயலியின் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குப் போய், உயர் டிபிஐ அளவிடலை 'அப்ளிகேஷன்' பொறுப்பில் விடுங்கள். எழுத்துகள் பொடியாகிவிடும், படம் தெளிந்துவிடும்.

படத்தின் அளவை மாற்ற பைலீனியர், பைகியூபிக், லான்சோஸ் என்று மூன்று கணக்கீட்டு முறைகளைச் செயலி காட்டுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், பண்ருட்டி

உங்களிடம் இதைக் கேட்பதே அந்தச் செயலியின் சோம்பல். சுருக்கும்போது பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி எடுக்க வேண்டும். இடையிடையே உள்ளவற்றைத் தூக்கி எறிந்தால் கட்டம் போட்ட புடவையில் இல்லாத அலைகள் நெளியும். சராசரி எடுப்பதைத் தானாகச் செய்யும் வேறொரு செயலிக்கு மாறிவிடுங்கள். மாற மனமில்லை என்றால் லான்சோஸ்.