பப்பாசி வெண்மூட்டுப்பூச்சிக்குக் கோழி மருந்து தெளிக்கலாமா?

கேள்வி: தெஹிவளையில் வீட்டுப் பின்வளவில் ஆறு பப்பாசி மரங்கள் நிற்கின்றன. குருத்திலும் காய்களிலும் பஞ்சு ஒட்டியதுபோல வெண்மூட்டுப்பூச்சி. அதன் உடலுக்குள் வாழும் பற்றீரியா செத்தால் பூச்சியும் தப்பாது என்று வாசித்தேன். கோழிக்குக் கொடுக்கும் டெட்ராசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் தூள் கையில் இருக்கிறது. கரைத்துத் தெளித்தால் பலன் கிடைக்குமா?

பதில்: நீங்கள் வாசித்தது சரி. ஆனால் தெளிக்காதீர்கள்.

மரத்தின் சாற்றில் சீனி நிறைய இருக்கும். உடம்பு வளரத் தேவையான அமினோ அமிலங்களோ மிகக் குறைவு. அவற்றைச் சமைத்துக் கொடுப்பது பூச்சியின் உடலுக்குள், அதற்கென்றே உள்ள கலங்களில் குடியிருக்கும் பற்றீரியா. பல வெண்மூட்டுப்பூச்சி இனங்களில் ஒரு விசித்திரம் உண்டு: ட்ரெம்ப்ளாயா என்ற பற்றீரியாவுக்குள்ளேயே இன்னொரு பற்றீரியா வாழ்கிறது. பப்பாசியைத் தாக்கும் இனத்தில் அந்த உட்குடியின் பெயர் மிக்கெல்லா. நம் குடலிலுள்ள ஈ.கோலை பற்றீரியாவின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 46 இலட்சம் டி.என்.ஏ. எழுத்து நீளம். ட்ரெம்ப்ளாயாவுக்கு மிஞ்சியிருப்பது 1.4 இலட்சம், மிக்கெல்லாவுக்கு 3.5 இலட்சம் அளவு.

ஏன் இவ்வளவு சுருக்கம்? தாயிடமிருந்து முட்டைக்குப் போவது ஒரு சிறு கூட்டம் மட்டுமே. அதற்குள் ஒரு மரபணு பழுதானால், பழுதில்லாத நகலை வெளியிலிருந்து வாங்க வழியில்லை. பூச்சி ஊட்டுவதால் பல மரபணுக்கள் தேவையற்றும் போகின்றன. பழுது திருத்தும் மரபணுக்களே தொலைந்தபின் தேய்வு இன்னும் வேகமாகும். எலுமிச்சை இனங்களைத் தாக்கும் வெண்மூட்டுப்பூச்சியை ஆராய்ந்தபோது, ஒரே அமினோ அமிலத்தைச் செய்யும் படிகளில் சிலவற்றை வெளிப் பற்றீரியாவும் சிலவற்றை உட்பற்றீரியாவும் மிச்சத்தைப் பூச்சியும் செய்வது தெரிந்தது. ஒருவர் விழுந்தால் மூவரும் விழ வேண்டியதுதான்.

பலவீனமான இடம் அதுவே, ஆனால் தெளிகருவியால் அதைத் தொட முடியாது. மேலே மெழுகு, அதற்குக் கீழே தோல், அதற்கும் உள்ளே கலம். ஆய்வுகூடத்தில் மருந்தை உணவுச் சாற்றில் கலந்தே ஊட்டுகிறார்கள். அப்போதும் பூச்சி சட்டென்று செத்து விழுவதில்லை. வளர்ச்சி குன்றும், குஞ்சு குறையும். டெட்ராசைக்கிளின் வெயிலில் விரைவில் சிதைந்தும் போகும். தின்னும் காயிலும் வளவு மண்ணிலும் அன்டிபயோட்டிக்கை ஊற்றினால், மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்ப்பதுதான் மிச்சம்.

முதலில் இனத்தை உறுதி செய்யுங்கள். ஒரு பெண் பூச்சியை நசுக்கினால் மஞ்சள் நீர் வரும். ஸ்பிரிட்டில் போட்டு வைத்தால் நீலக் கறுப்பாக மாறும். அப்படியானால் அது 2008 இல் கொழும்பு, கம்பஹாப் பக்கம் தென்பட்ட பப்பாசி வெண்மூட்டுப்பூச்சிதான். அதற்கு எதிரியாக 2009 இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசரோபேகஸ் பப்பாயே என்ற, பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும் சிறு குளவி கொண்டுவந்து விடப்பட்டது. பஞ்சுக்குள் உப்பிப் பழுப்பாகி, ஓட்டை விழுந்த செத்த பூச்சிக் கூடுகள் இருந்தால் குளவி உங்கள் வளவிலும் வேலை செய்கிறது. கடும் பூச்சிநாசினி அடித்தால் முதலில் சாவது அதுதான்.

பஞ்சு மூடிய இலைகளையும் பிஞ்சுகளையும் வெட்டி ஒரு வாளியில் போட்டு, அந்த வாளியைச் சவர்க்காரத் தண்ணீர் நிறைந்த அகன்ற பேசினுக்குள் பத்து நாள் வையுங்கள். குளவி பறந்துபோகும், ஊர்ந்து இறங்கும் குஞ்சுகள் தண்ணீரில் விழும். மரத்துக்கு, குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிப் பஞ்சைக் கலைத்தபின், மாலையில் ஒரு லீட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லிலீட்டரும் திரவச் சவர்க்காரம் 2 மில்லிலீட்டரும் கலந்து இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். சவர்க்காரத்தை முதலில் எண்ணெயோடு குழைத்து, பிறகு தண்ணீர் சேருங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் மிதந்து குருத்தைக் கருக்கும். ஓரிலையில் ஒருநாள் சோதித்துப் பாருங்கள். முட்டைப் பைக்குள் மருந்து போகாது, ஆகவே ஏழு நாளுக்கொரு தடவையாக மூன்று தடவை வேண்டும். மழை பெய்தால் மறுபடி அடிக்க வேண்டிவரும்.

எறும்பை விட்டுவிடாதீர்கள். இனிப்புக் கழிவுக்காகப் பூச்சியைக் காவல் காத்துக் குளவியை விரட்டுவது அதுதான். தண்டில் பொலித்தீனை இறுகச் சுற்றி அதன்மேல் கிறீஸ் பூசுங்கள், பட்டையில் நேரே பூச வேண்டாம்.

யூரியா போட்டிருந்தால் நிறுத்துங்கள். சாற்றில் அமினோ அமிலம் கூடினால், பற்றீரியா செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கை நீங்களே செய்து கொடுத்தவர் ஆவீர்கள். வேலியோரத்தில் செவ்வரத்தையோ கோயில் பூ மரமோ நின்றால் அவற்றின் குருத்தையும் பாருங்கள். அங்கே பஞ்சு இருக்கும்வரை பப்பாசிக்குத் திரும்பி வரும்.